இரு புள்ளிகளிலிருந்து நேர்கோடு: நேரடிச் சூத்திரமா, சாய்வு வழியா?

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். இரண்டு புள்ளிகளைக் கொடுத்து நேர்கோட்டின் சமன்பாடு கேட்டால் எந்த வழியில் போடச் சொல்வது? நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: முதலில் சாய்வு (வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் கோடு எத்தனை கட்டம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது), அப்புறம்தான் சமன்பாடு.

நேரடிச் சூத்திரம் என்று நான் சொல்வது இருபுள்ளிச் சூத்திரத்தை: (ஒய் − ஒய்1)/(ஒய்2 − ஒய்1) = (எக்ஸ் − எக்ஸ்1)/(எக்ஸ்2 − எக்ஸ்1). எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான்கு எண்களையும் போட்டுக் குறுக்கே பெருக்கினால் விடை வந்துவிடும். கை வேகமாக ஓடுகிற பிள்ளைக்கு அது போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது, குறி தப்பினால் எந்த இடத்தில் பிடிபடும் என்பது. (−1, 2), (3, −4) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். நேரடிச் சூத்திரத்தில் எக்ஸ் பக்கத்தின் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 3 − (−1), அதாவது 3 + 1 = 4. அதை 3 − 1 என்று எழுதிவிட்டால், பெருக்கிப் பக்கம் மாற்றிய பிறகு 3எக்ஸ் + ஒய் + 1 = 0 என்று பார்க்க ஒழுங்காகவே ஒரு விடை வரும். "சார், போட்டுப் பாத்துட்டேன், சைபர் வருது" என்பான் பையன். முதல் புள்ளியைப் போட்டிருப்பான். அது சைபர்தான் தரும். இரண்டாவதைப் போட்டால் 6 வரும்.

சாய்வைத் தனியாக எடுத்தால் தவறு அங்கேயே மாட்டும். வரைபடத்தாளில் இரண்டு புள்ளிகளையும் குறித்துக் கட்டங்களை எண்ணச் சொல்வேன்: வலப்பக்கம் 4, கீழே 6. கோடு இறங்குகிறது, ஆகவே சாய்வு −3/2. தாளும் கணக்கும் ஒத்துப்போன பிறகே அடுத்த வரி: ஒய் − 2 = −3/2 (எக்ஸ் + 1). சுருக்கினால் 3எக்ஸ் + 2ஒய் − 1 = 0. எந்த வழியில் போட்டாலும் சரிபார்க்க இரண்டாவது புள்ளியைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, சாய்வுக்குப் பொருள் உண்டு. பாபநாசம் அணையில் 1ஆம் தேதி 90 அடி, 5ஆம் தேதி 98 அடி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 அடி ஏறுகிறது. அந்த 2 தான் சாய்வு. ஒய் = 2எக்ஸ் + 88 என்று எழுதியதுமே, அணையின் முழு அளவான 143 அடி என்றைக்கு நிறையும் என்று கேட்காத பிள்ளை இல்லை. நிஜத்தில் நீர்வரத்து ஒரே சீராக இருக்காது, அணையும் மேலே போகப்போக அகலும். அதையும் சொல்லிவிடுவேன்.

கொடுத்த இரண்டு புள்ளிகளோடு கோட்டின் மேல் (எக்ஸ், ஒய்) என்று மூன்றாவது புள்ளி எடுத்து, மூன்றும் சேர்ந்த முக்கோணப் பரப்பை சைபராக்கிச் சமன்பாடு எடுக்கும் வழியும் இருக்கிறது. அழகான வழி. ஆனால் நான் அதை வகுப்பில் அதிகம் நடத்தியதில்லை, அதனால் அடித்துப் பேச மாட்டேன்.

என் வழி நிற்கிற இடம் ஒன்று உண்டு. (4, 1), (4, 7) மாதிரி எக்ஸ் எண்கள் இரண்டும் ஒன்றாக இருந்தால் சாய்வின் பகுதியில் சைபர் வந்துவிடும். நேரடிச் சூத்திரத்திலும் அதே சைபர்தான், ஆனால் குறுக்கே பெருக்கிய வடிவில் எழுதியிருந்தால் சைபரால் வகுக்க வேண்டி வராது, அந்தச் சூத்திரம் தப்பிக்கும். நான் புள்ளிகளைப் பார்த்ததுமே எக்ஸ் = 4 என்று எழுதச் சொல்லிவிடுகிறேன்.