பிழைபட்ட தலைப்புப் புலங்களும் கமைலியோவும்: ஐந்தாண்டு அனுபவம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலுள்ள எங்கள் அலுவலகத்தின் 140 இணையத் தொலைபேசிகளுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே ஐந்து ஆண்டுகளாகக் கமைலியோ என்ற சர்வர் மென்பொருள் நிற்கிறது. இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் சிப் நெறிமுறையில் வரும் செய்திகளை, அவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அதன் சானிட்டி மாட்யூல் பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம்.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தேன். செய்தியின் தலைப்பில் தேதியும் நேரமும் சொல்லும் டேட் புலத்தில் ஜிஎம்டி, அதாவது கிரீன்விச் நேரம், மட்டுமே வரலாம் என்பது விதி. சில போன்கள் இந்திய நேரத்தைக் குறிக்கும் ஐஎஸ்டி என்று எழுதின, நான் தனியாக எழுதிச் சேர்த்த ஒரு சோதனை அந்த அழைப்புகளுக்கெல்லாம் 400 (கோரிக்கை தவறு) என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. அழைப்பை நடத்தத் தேவையில்லாத புலம் பிழையாக இருந்தால் அதைப் புறக்கணிப்பதே முறை என்று 2002இல் வந்த சிப் தர ஆவணமான ஆர்எஃப்சி 3261 சொல்வதைப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது, அழைப்பவர் பெயராகப் போன்களில் வைத்திருந்த தமிழ்ப் பெயர்தான். "சார், வர்ற கால் எல்லாம் வருது, நாங்க போட்டாத்தான் போக மாட்டேங்குது" என்றார் விற்பனைப் பிரிவில் ஒருவர். கணக்குப் பிரிவுக்கோ, 'கணக்கு' என்று சுருக்கமாகப் பெயர் வைத்திருந்ததால், எந்தச் சிக்கலும் இல்லை. அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியைப் பைட் பைட்டாகப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆவதால், 'விற்பனைப் பிரிவு' 46 பைட் வருகிறது. போன் அதை 32இல் வெட்டிவிட, 'பி'யின் இகரக் குறிக்கு உரிய முதல் பைட் மட்டும் தொங்கி நின்றது. அதை மூன்று பைட் எழுத்தின் தொடக்கமாக எடுத்துக்கொண்ட எக்ஸ்சேஞ்ச், பின்னால் வந்த மூடும் மேற்கோள் குறியையும் விழுங்கிவிட்டு, அழைப்பவரைச் சொல்லும் ஃப்ரம் புலமே சரியில்லை என்று தள்ளியது. அந்தப் புலத்தில் டயலாக்கை, அதாவது நடக்கும் அழைப்பை, அடையாளம் காட்டுவது டேக் என்ற குறிச்சொல்தானே தவிரப் பெயர் அல்ல என்பதால், இப்போது ஃப்ரம் புலத்தின் பெயரை மட்டும் கமைலியோவிலேயே மாற்றி எழுதுகிறோம்.

எந்தெந்த முகவரிகளைச் சோதிக்க வேண்டும் என்று சானிட்டி மாட்யூலுக்குச் சொல்ல, கமைலியோவின் மாதிரி கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) 7 என்ற எண்ணைத் தருகிறது; அது கோரிக்கை முகவரி, ஃப்ரம், டு ஆகிய மூன்றை மட்டுமே சோதிக்கும். போனை நேரடியாக அடையும் முகவரியான கான்டாக்டையும் சேர்க்க 15 போட வேண்டும். இதை நான் கவனிக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

புது மாடல் போன் வந்தால், முதல் வாரம் பிழைகளை லாகில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். செய்தியின் உடல் எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட்-லெங்த் புலத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டமாக வரும் டிசிபி இணைப்பில் அந்த எண் தவறினால் அடுத்த செய்தி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.