கும்பகோணத்துக் கடைவீதியில் தாய்மாமன் சீர் வாங்கிய அனுபவம்

கும்பகோணத்தில் இராமசாமி கோயிலுக்கும் சக்கரபாணி கோயிலுக்கும் இடையே ஓடும் கடைவீதி, தஞ்சை நாயக்கர்கள் அச்சுதப்பர், இரகுநாதர் ஆகியோரிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் வணிகத்துக்கென்றே வகுத்த வீதி. நானூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு கோயில்களை இணைத்து இழுக்கப்பட்ட அந்தக் கோட்டின் மேல்தான் இன்றும் ஊரின் வணிகம் நடக்கிறது. அங்கிருந்து கும்பேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள், பொற்றாமரைக் குளக்கரை, பெரிய தெரு என்று சேர்த்துக்கொண்டால், ஒரு திருமணத்துக்கு வேண்டிய அனைத்தையும் நடந்தே வாங்கிவிடலாம். தங்கை மகளின் தை மாதத் திருமணத்துக்காக மெல்போர்னிலிருந்து வந்த நான், தாய்மாமன் சீரை இந்தக் கடைகளில்தான் வாங்கினேன். உடன் வந்தவர் எழுபது வயதைக் கடந்த என் தாயார். எந்தக் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர் அறிவார். எனக்கு அது தெரியாது. என்னைப்போல் வெளிநாட்டிலிருந்து வந்து, குறைந்த அவகாசத்தில் சீர் வாங்க வேண்டியவர்களுக்குப் பயன்படும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

நடையை வெற்றிலைக் கடையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் நல்ல இலை காலையிலேயே விலைபோய்விடும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காவிரிப் பாசனத்தில் சுவாமிமலை, பாபநாசம், ஆவூர், ராஜகிரி முதலிய ஊர்களின் கொடிக்கால்களிலிருந்து வரும் இலை, ஈரச் சாக்கின் கீழ் அடுக்கப்பட்டிருக்கும். நூறு இலை ஒரு கவுளி. திருமணத்துக்குத் தேவைப்படும் கவுளிக் கணக்கை அம்மா சொன்னதும் கடைக்காரர் முதலில் கேட்டது முகூர்த்த நாளை. நாள் தெரிந்ததும், “இப்ப வாங்கினா பழுத்துப்போயிடும்மா. முதல் நாள் காலையில யாரையாவது அனுப்புங்க, கொழுந்தா எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லி, அன்றைக்கு வீட்டுத் தேவைக்கு மட்டும் அரைக் கவுளி எண்ணிக் கொடுத்தார். கையிலிருந்த பெரிய வியாபாரத்தைத் தள்ளிவைத்து, வாங்குபவருக்கு எது நல்லது என்று பார்க்கும் இந்தப் பழக்கத்தை இந்த வீதிகளில் மீண்டும் மீண்டும் கண்டேன். திரும்பிச் செல்லும்போது வெற்றிலையைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பச்சை இலைகளை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

பாத்திரக் கடைகளுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சீரில் தலையாயது குத்துவிளக்கு. கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாச்சியார்கோயிலில் கம்மாளர்கள் வார்க்கும் விளக்குகளே இங்குள்ள கடைகளில் பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அரசலாற்றுப் படுகையின் நயமான வண்டல் மண் வார்ப்பு அச்சுக்கு ஏற்றதாக இருந்ததால்தான் அந்தத் தொழில் அங்கே வேரூன்றியது. விளக்கு ஒரே துண்டாக இருக்காது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என நான்கும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, கடையப்பட்டு, மரையால் இணைக்கப்படுகின்றன. விளக்கைத் தேர்ந்தெடுப்பவர் அந்த நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் நுழைந்த கடையின் உரிமையாளரே எடுத்துச் சொன்னார்.

சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். விளக்கைத் தரையில் பாய் விரித்துக் கழற்றினார். மரை தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பாகத்தையும் அம்மாவின் கையிலேயே கொடுத்துத் திருகச் சொன்னார். எண்ணெய்த் தட்டில் தண்ணீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்துவிட்டு, அடியில் விரலைத் தடவிப் பார்த்தார். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் அங்கே ஈரம் கசியும் என்றார். முதலில் நாங்கள் விரும்பிய விளக்கின் தட்டில் அப்படி ஒரு கசிவு தெரிந்ததும், நாங்கள் எதுவும் சொல்லும் முன்பே அதை ஒதுக்கிவைத்து வேறொன்றை எடுத்தார். அது பளிங்குத் தரையில் மிக இலேசாக ஆடியது. அடிப்பாகத்தைக் கவிழ்த்து, விளிம்பை அரத்தால் நாலைந்து முறை தேய்த்து, மறுபடி நிறுத்திப் பார்த்து, ஆட்டம் நின்ற பிறகே தராசில் ஏற்றினார். விலை எடைக்குத்தான். நகாசு வேலை மிகுந்த விளக்குக்குக் கிலோ விலை கூடும். பழைய பித்தளையைக் கொடுத்தால் அதன் எடைக்குரிய மதிப்பைக் கழித்துக்கொள்கிறார்கள். கொடுப்பதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். பாட்டி காலத்துத் தவலையும் அண்டாவும் இன்று அதே கனத்தில் கிடைப்பது அரிது.

எங்கள் வீட்டில் அத்தகைய ஒரு பித்தளைக் குண்டான் இருந்தது. அதைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. உட்புறத்து ஈயம் முழுவதும் தேய்ந்திருந்தது. புளி சேர்ந்த எதையும் அதில் சமைக்க முடியாத நிலை. பாத்திரக் கடைக்காரரே வழிகாட்டியதால், ஈயம் பூசும் பெரியவர் ஒருவரைப் பக்கத்துச் சந்தில் கண்டுபிடித்தோம். அவர் குண்டானை முதலில் மணலும் புளியும் இட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு கரி அடுப்பின் மேல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவினார், வெண்புகை எழுந்தது. ஈயக் கம்பியின் நுனியை உள்ளே இரண்டு மூன்று இடங்களில் தொட்டு இழுத்து, உடனே பஞ்சால் வட்டமாகத் துடைத்தபோது, மஞ்சள் நிறம் மறைந்து வெள்ளி போன்ற பூச்சு அடி முதல் விளிம்பு வரை பரவியது. பூசப்படுவது வெள்ளீயமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது மிக அவசியம். மலிவுக்காகக் காரீயம் கலந்துவிட்டால் அது உணவில் இறங்கி உடலைக் கெடுக்கும், குறிப்பாகக் குழந்தைகளை. நான் கேட்டதும் அவர் முகம் சுளிக்கவில்லை. “கேளு தம்பி, கேக்கணும்” என்று சொல்லிக் கம்பியை வளைத்துக் காட்டினார். நல்ல வெள்ளீயம் வளையும்போது மெல்லிய கீச்சொலி எழுப்பும். இந்தத் தொழிலில் இளைஞர்கள் எவரையும் நான் காணவில்லை. ஊருக்கு வருவோர் பரணில் கிடக்கும் பழம்பாத்திரங்களை இறக்கி இவர்களிடம் கொடுத்தால், அந்தக் கைவேலை இன்னும் சில காலம் நிலைக்கும்.

ரசம் வைப்பதற்கான ஈயச்சொம்பையும் அதே வீதியில் வாங்கினோம். அது முழுவதும் வெள்ளீயத்தால் ஆனது. 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும், வெறும் சொம்பை ஒருபோதும் தணலில் வைக்கக் கூடாது. வாங்கும் ஒவ்வொருவருக்கும் கடையில் இதைச் சொல்லியே அனுப்புகிறார்கள்.

இடையில் காப்பி குடிக்காமல் கும்பகோணத்து நடை நிறைவு பெறாது. பித்தளை டவரா டம்ளரில் டிகிரி காப்பி தரும் கடைகள் பல உண்டு. காலைச் சிற்றுண்டியில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் கடப்பா எல்லா நாளும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. காப்பிப் பொடிக் கடையில் கொட்டையை உங்கள் கண்முன் அரைத்துத் தருகிறார்கள். சிக்கரி எத்தனை விழுக்காடு என்று அவர்களே கேட்பார்கள். கடைகளில் விற்கும் காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நம் நாக்குக்கு அந்த விதி இடம் தரும் அளவைவிட மிகக் குறைந்த சிக்கரியே போதும்.

பட்டுக்குத் திருபுவனம் செல்ல வேண்டும். நடந்துபோகும் தொலைவில் இல்லை. மயிலாடுதுறை சாலையில் பேருந்தில் சிறிது நேரப் பயணம். அங்கு நெய்யப்படும் சேலையை விசிறி மடிப்பாக மடித்துத் தருவது வழக்கம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையமும் தனியார் கடைகளும் அங்கே உள்ளன. கூட்டுறவுக்குப் போகச் சொல்லி ஏறிய ஆட்டோ, எங்களைக் கேட்காமலேயே வேறொரு கடையின் வாசலில் கொண்டு போய் நிறுத்தியது. வெளியூர்க்காரர்களை அழைத்து வருவதற்குத் தரகு கொடுக்கப்படுகிறது என்பது அங்கேயே விளங்கியது. அந்தத் தரகு இறுதியில் சேலையின் விலையில்தான் சேரும் என்பதால், போகும் இடத்தை உறுதியாகச் சொல்லி, அங்கேயே இறங்குங்கள். தூய பட்டுக்கு ‘சில்க் மார்க்’ முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

நகைக்கடையில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும். 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனி அடையாளக் குறியீடு இல்லாத ஹால்மார்க் தங்க நகையை விற்கக் கூடாது. அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம். நான் சரிபார்த்தபோது விற்பனையாளர் நகையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் குறியீட்டை வாசித்துக் காட்டினார்.

பணம் செலுத்துவதில்தான் வெளிநாட்டிலிருந்து வருவோர் திண்டாடுகிறார்கள். வெற்றிலைக் கடை வரை எங்கும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டையை ஏற்கும் கருவி பெரிய கடைகளில் மட்டுமே இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா முதலிய பத்து நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே யூபிஐ பயன்படுத்த 2023-இல் வழிசெய்யப்பட்டது. உங்கள் வங்கி அதை ஏற்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு வங்கிக் கிளையில் வரிசையில் நின்று செய்யக்கூடிய வேலை அன்று அது. முந்திய பயணத்தில் மிஞ்சிய 2000 ரூபாய்த் தாள்கள் இருந்தால் அவற்றைக் கடைகளில் வாங்க மாட்டார்கள். 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்ட அத்தாள்களை மாற்றுவதற்குச் சென்னை உள்ளிட்ட ரிசர்வ் வங்கி அலுவலகங்களையே நாட வேண்டும்.

விளக்கை அனுப்பிவைப்பதிலும் கடையின் அக்கறை தெரிந்தது. பாகங்களைத் தனித்தனியாகத் துணியில் சுற்றி, இடையே வைக்கோல் திணித்து, அன்னத்தின் அலகு ஒடியாதபடி அதை மட்டும் சிறு அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினார்கள். எங்கள் விளக்கு உள்ளூரிலேயே இருக்கப்போகிறது என்று தெரிந்தும் அவ்வாறே செய்தார்கள். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வோர் அதைக் கைப்பெட்டியில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. எடை வரம்பையும் வாங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைகளைப் பற்றி இவ்வளவு நிறைவாக எழுத முடிந்த எனக்கு, அவற்றுக்கு இடையே நடந்த வீதிகளைப் பற்றி அவ்வாறு எழுத இயலவில்லை. நடைபாதை இருக்கும் இடத்தில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. இல்லாத இடத்தில் பேருந்துக்கும் கடைப் படிக்கும் இடையே ஒதுங்க ஒரு முழ இடம் கிடைப்பதில்லை. அம்மா ஒவ்வொரு கடையிலும் சற்று உட்கார்ந்து எழ முடிந்ததற்குக் காரணம், கடைக்காரர்கள் தாமாகவே முக்காலியை எடுத்துப் போட்டதுதான். வீதியில் அமர ஒரு பலகை கூட எங்கள் கண்ணில் படவில்லை. கழிப்பறைக்காக நடையைப் பாதியில் நிறுத்தி உணவகம் ஒன்றைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இந்தக் கடைகளின் அருமை அறிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. அவர்களால் நடக்க முடியாமற்போனால், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்னும் அறிவு அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் வாய்ப்பும் போய்விடும்.

2021-இல் மாநகராட்சியான இவ்வூரில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2028-இல் நடைபெறவிருக்கிறது. பல இலட்சம் மக்கள் வரும் அந்த விழாவுக்கான பணிகளோடு சேர்த்து, பொற்றாமரைக் குளக்கரையில் நிழலோடு கூடிய இருக்கைகள், பெண்களும் முதியோரும் தயக்கமின்றிப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, கும்பேசுவரர் கோயில் வாசலிலிருந்து கடைவீதி வரை வாகனம் ஏறாத நடைபாதை ஆகிய மூன்றும் அமைக்கப்பட வேண்டும். அதுவரை, முதியோரை அழைத்துச் செல்வோர் காலை பத்து மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பாத்திரக் கடைகளை முடித்துக்கொண்டு, மற்றவற்றை மாலை நான்கு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைக்கு மட்டும் இளையவர் ஒருவரை விடியற்காலையில் அனுப்பினால் போதும்.