ஒகினாவாவா, துவாலா, சிங்கப்பூரா? ஆய்வுப் பயிற்சிக்கு வெளிநாடு போக நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு

பினாங்கில் குளுகோர் பக்கம் ஒரு மாமாக் கடையில் போன வாரம் இரண்டு பிள்ளைகள் என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, சேர்ன் பெருசா, ஒகினாவா பெருசா?" சேர்ன் ஜெனீவா பக்கத்தில் இருக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம், ஒகினாவா என்றது ஜப்பானில் அங்கே இருக்கும் ஆய்வுப் பல்கலைக்கழகத்தை. ஒருத்தி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் உயிரியல், இன்னொருத்தன் கோலாலம்பூரில் இயற்பியல், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். தே தாரிக் ஆறும்வரை பேசினோம். பெயரில் எது பெரியது என்று பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட்டை முதலில் யார் காசு போட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள் என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு முழுதாகச் சொல்ல நேரம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். கடிதத்தில் "பயணச் செலவு வழங்கப்படும்" என்று இருந்தது. வழங்கினார்கள், ஆனால் நான் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, ரசீது எல்லாம் கொடுத்த பிறகு. அதுவரைக்கும் டிக்கெட், முதல் மாத வாடகை, வீட்டுக்கு முன்பணம் எல்லாம் அம்மா கூட்டு, அதாவது சீட்டு, பிடித்துச் சேர்த்த பணத்திலிருந்து போனது. அக்காவின் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு போன் போடும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்தது. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைக்கிறேன்.

நமக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் நிறைய பேர் இதிலேயே ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்கும் ஆர்.இ.யு. என்ற இளநிலை மாணவர் ஆய்வுப் பயிற்சி இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு. அதே அமைப்பின் வைஸ் இந்தியாவில் படிப்பவர்களுக்கு. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வாரம், நல்ல திட்டம்தான், ஆனால் அவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கும் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள், நான் பார்த்த பட்டியல்களில் மலேசியா இல்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ரைஸ் பார்ப்பது நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்பதைத்தான், பாஸ்போர்ட்டை அல்ல. ட்வின்னிங் படிப்பில் கடைசி இரண்டு வருடம் பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு அங்கே போனதும் அந்த வாசல் திறக்கிறது. அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அக்டோபரில் வருடம் தொடங்குகிறது, இரண்டாம் செமஸ்டர் தேர்வு ஜூலை வரை இழுக்கும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கோடைக்காலத் திட்டம் ஜூனிலேயே ஆரம்பமாகிவிடும். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் அறிவியல் பிரிவு நடத்தும் யூட்ரிப் ஆறு வாரம், ஜூன் ஜூலையில், அதாவது சரியாக நம் தேர்வு நேரத்தில். விண்ணப்பித்துக் கிடைத்த பிறகு டீனிடம் போய் நிற்பதைவிட முன்னாலேயே தேதியைப் பார்ப்பது நல்லது.

அதனால் நான் எல்லாவற்றையும் இரண்டு கூடையாகப் பிரிக்கிறேன். கோடையில் மட்டும் நடப்பவை ஒரு கூடை. வருடம் முழுக்க எடுப்பவை இன்னொரு கூடை, ஜப்பானின் ஒகினாவா, சவூதியின் துவால், சிங்கப்பூர் மூன்றும் இதில்தான். நம் எல்.ஐ., அந்த லத்திஹான் இன்டஸ்ட்ரி, அதாவது தொழிற்பயிற்சி, பல படிப்புகளில் பல வாரம் கட்டாயம். அந்த இடத்தில் இந்த இரண்டாம் கூடை அச்சாகப் பொருந்துகிறது. ஒரு செமஸ்டரையும் இழக்காமல் வெளிநாட்டு லேப் அனுபவம் கிடைக்கும் என்றால் அதற்காகவே இந்த மூன்றையும் நான் முன்னால் வைப்பேன்.

ஒகினாவா

ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், ஓயிஸ்ட் என்பார்கள். 2011இல் பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, ஒன்னா என்ற கடலோரக் கிராமத்தில் குன்றின் மேல் இருக்கிறது. துறைகள் என்று சுவர் கிடையாது, வேலை மொழி ஆங்கிலம், 2022இல் மருத்துவ நோபல் வாங்கிய ஸ்வாந்தே பேபோ அங்கே பகுதிநேரப் (அட்ஜங்க்ட்) பேராசிரியர். பயிற்சிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை. போக வர டிக்கெட் அவர்கள் பொறுப்பு, தங்குமிட உதவி உண்டு, வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் வரி பிடிக்கும் முன் 2,400 யென்.

இந்த 2,400ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதத்தில் 20 வேலை நாள் என்றால் 48,000 யென், நாணய மாற்று விலையைப் பொறுத்து ஏறக்குறைய 1,200 முதல் 1,400 ரிங்கிட். வாடகைக் கவலை இல்லாமல் நீங்களே சமைத்தால் ஓடும், மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சனி ஞாயிறு, பொது விடுமுறைக்குப் பணம் கிடையாது. ஊர் அமைதியான ஊர், பேருந்து எப்போதாவது வரும், நாஹா நகருக்குக் காரில் போனாலே ஒரு மணி நேரம் ஆகும். புளி, பருப்பு, மிளகாய்த்தூள் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள், பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இத்தனைக்கும் என் மனசு ஒகினாவா பக்கம்தான் சாய்கிறது. அங்கே ஆய்வுக் குழுக்கள் சின்னது, பயிற்சிக்கு வந்த பிள்ளையும் பேராசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச முடிகிறது. எந்தக் குழுவில் சேர விருப்பம் என்று விண்ணப்பத்திலேயே சொல்கிறீர்கள், அதனால் நரம்பியல் ஆசைப்பட்டுப் போய் வேறெதிலோ மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு. உயிரியல், கடல் அறிவியல், நரம்பியல், குவாண்டம் இயற்பியல் படிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரிசையில் வைக்கலாம்.

துவால்

துவாலில் இருப்பது மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக கௌஸ்ட். அந்தப் பெயரைச் சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "சவூதியா?" பட்டர்வொர்த்தில் ஒரு தங்கச்சியின் அப்பா என்னிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலவரம் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

கௌஸ்ட் 2009இல் திறந்தது, செங்கடல் கரையில், ஜித்தாவுக்கு வடக்கே. வளாகமே ஒரு தனி ஊர் மாதிரி, கடை, கிளினிக், கடற்கரை எல்லாம் உள்ளேயே, ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்கும் இடம், உலகின் பல நாட்டு மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். அவர்களுடைய வருகை மாணவர் திட்டம் மூன்று முதல் ஆறு மாதம். மாதம் 1,000 அமெரிக்க டாலர், தங்குமிடம், போக வர டிக்கெட், விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு, எல்லாம் சேர்த்து. ரிங்கிட்டில் மாதம் ஏறக்குறைய 4,000 வரும், அதில் வாடகை போகாது. நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தால் பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் ஒரு துண்டை அடைக்கலாம். கையில் நிற்கும் பணத்தை வைத்துப் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம்.

இங்கே மதிப்பெண் கறார். 4க்கு 3.5 சி.ஜி.பி.ஏ. கேட்கிறார்கள், மூன்றாம் வருடத்திலாவது இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் ஆய்வுத் திட்டங்களில் ஒன்றைக் குறிப்பிட்டுத்தான் விண்ணப்பம். சூரிய ஆற்றல், கடல்நீரைக் குடிநீராக்குதல், பவளப்பாறை, ஷாஹீன் சூப்பர் கணினி, இந்தப் பக்கம் உங்கள் ஆர்வம் இருந்தால் ஆசியாவில் இதைவிட நல்ல கருவிகள் கிடைப்பது அபூர்வம். வெயில் கொளுத்தும், வளாகத்தைவிட்டு வெளியே போய்ச் சுற்றிப் பார்க்கும் சுதந்திரம் ஒகினாவா அளவுக்கு இருக்காது. தனிமை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும். அந்த அப்பாவிடமும் இதையேதான் சொன்னேன், பாதுகாப்பைவிட தனிமையைப் பற்றி மகளிடம் பேசுங்கள் என்று.

சிங்கப்பூர்

சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கொடுக்கும் சிப்கா விருது. இரண்டு முதல் ஆறு மாதம், மாதம் 1,500 சிங்கப்பூர் வெள்ளி. மூன்றில் தொகை பெரிதாகத் தெரிவது இதுதான், ஆனால் வீட்டை நீங்களே பார்க்க வேண்டும். அங்கே ஒரு சாதாரண அறையே மாதம் 800, 1,000 வெள்ளி கேட்கிறார்கள். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் சாப்பாடும் எம்.ஆர்.டி. ரயிலும். முன்பணம் வேறு முதலிலேயே கட்ட வேண்டும், நான் பட்ட அதே கஷ்டம். அத்தை, சித்தப்பா வீடு அங்கே இருந்தால் கணக்கு முழுக்க மாறிவிடும், அப்போது கௌஸ்ட்டுக்குச் சமமாக வந்து நிற்கும். ஜோகூர் பாருவில் தங்கி தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன் என்று ஒரு தம்பி சொன்னான். ஒன் நார்த் பக்கம் லேப், செல் வளர்ப்பு பார்க்க ராத்திரி எட்டு மணிக்குத் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கும், காலையில் எல்லையில் மூன்று மணி நேரம் வரிசை. வேண்டாம் தம்பி.

சிங்கப்பூரின் பலம் வேறு. கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரம், பினாங்கிலிருந்து விமானத்தில் கொஞ்ச நேரம். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் சனிக்கிழமை வீட்டில் இருக்கலாம். அப்பா இல்லாத வீடு, பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, இப்படி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உயிர் மருத்துவமும் பொருளறிவியலும் அங்கே உலகத்தரம். தமிழ் பேசும் ஊர், சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம்.

மூன்று இடமும் ஏன் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடுகின்றன என்று கேட்பீர்கள். பி.எச்.டி.க்கு நல்ல ஆட்களைத் தேடுகிறார்கள். ஓயிஸ்ட், கௌஸ்ட் இரண்டிலும் பி.எச்.டி. சேர்பவர்களுக்குப் பண உதவி உண்டு, சிங்கப்பூரில் அதற்கு சிங்கா விருது இருக்கிறது. பயிற்சி முடித்த லேப்பிலிருந்து வரும் ஒரு பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே தனி எடை. மேற்படிப்பு ஆசை இருந்தால் எந்த ஊரில் ஐந்து வருடம் வாழ முடியும் என்றும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது கோடைக் கூடை. சேர்ன் பற்றிக் கேட்ட தம்பிக்கு: எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், உறுப்பு நாடு இல்லாதவர்களுக்கு என்று தனி வழி இருக்கிறது, ஆனால் மூன்று வருடப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். நாள்படி சுவிஸ் பிராங்கில் கொடுக்கிறார்கள், ஜூலையில் காலைதோறும் விரிவுரை, அந்த விரிவுரைக்காகவே போகலாம். எந்தக் குழு என்று நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, உங்கள் விவரத்தைப் பார்த்து அவர்கள்தான் எடுக்கிறார்கள். இயற்பியல் மட்டும் என்று நினைக்க வேண்டாம், கணினி, பொறியியல் பிள்ளைகளும் போகிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னா பக்கத்தில் இஸ்டா என்ற ஆய்வு நிறுவனம், எட்டு முதல் பன்னிரண்டு வாரம், எல்லா நாட்டவருக்கும் திறந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் ஈ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுக் கோடைத்திட்டம் மாதம் 1,600 பிராங்க் தருகிறது, கேட்க நன்றாக இருக்கிறது, சுவிஸ் வாடகை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், போட்டியும் கடுமை. தைவானின் டீப் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள், கல்வி அமைச்சு நடத்துவது, பணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், சைவச் சாப்பாடு தெருவுக்குத் தெரு கிடைக்கும் நாடு அது.

விசா பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நம் பாஸ்போர்ட்டில் 90 நாள் விசா இல்லாமல் போகலாமே என்று நினைத்துக் கிளம்பிவிடக் கூடாது. அது சுற்றிப் பார்க்க. உதவித்தொகை வாங்கிக்கொண்டு லேப்பில் வேலை செய்ய வேறு அனுமதி தேவைப்படும், அழைக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்.ஐ. ஆகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும் முன்னாலேயே உங்கள் துறை ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். ஆராய்ச்சி லேப்பை ஏற்றுக்கொள்வார்களா, லாக் புக்கில் யார் கையெழுத்து, அங்கே மேற்பார்வையாளர் மதிப்பெண் எப்படிப் போட வேண்டும், இந்த மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் எல்.ஐ. செய்த பிள்ளைகள் உண்டு.

உயிரியல் தங்கச்சிக்கு நான் சொன்னது ஓயிஸ்ட் முதலில், சிப்கா அடுத்து. சிப்காவைச் சேர்த்தது ஏனென்றால் அவள் அம்மாவுக்கு டயாலிசிஸ், அக்கா ஒருத்திதான் கூட இருக்கிறாள். அவள் வரிசையை மாற்றிவிட்டாள். உட்லண்ட்ஸில் மாமா வீடு இருக்கிறதாம், சிங்கப்பூர் முதலில் என்று நேற்று எழுதியிருந்தாள். வாரக் கடைசியில் பஸ் எத்தனை மணிக்கு என்று அதற்குள் பார்த்துவைத்திருக்கிறாள்.