கத்தி அடிக்க எந்தப் பட்டறைக்கல்?

வார்ப்பிரும்புக் கல் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். முகப்பு, அதாவது அடிக்கும் மேல்தளம், மென்மை, சுத்தியல் தவறி விழுந்த இடமெல்லாம் குழியாகும், விளிம்பு உதிரும். அந்தக் குழி அடுத்த கத்தியின் பக்கத்தில் மேடாகப் பதியும். வார்ப்பு எஃகில் செய்து, முகப்பை ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 50 முதல் 55 வரை கடினமாக்கிய கல்லே சரி.

வாங்குமுன் 25 மி.மீ. பேரிங் குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து முகப்பில் விடுங்கள். 18 செ.மீ.க்கு மேல் துள்ளினால் நல்ல கல். 10-ஐத் தாண்டாவிட்டால் வேண்டவே வேண்டாம். பல இடங்களில் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் சற்றுக் குறைவது இயல்பு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் துள்ளல் செத்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். கணீரென்ற ஓசையை மட்டும் நம்ப முடியாது.

ஒரு கிலோ சுத்தியலுக்கு 50 கிலோ கல் தாராளம். பக்கவாட்டில் கூம்பாக நீளும் கொம்புக்காகக் கூடுதல் காசு வீண், கத்தி வேலையில் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். விளிம்பில் கொஞ்ச நீளத்தை 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள், கூராக விட்டால் கைப்பிடித் தண்டு தொடங்கும் மூலையில் மடிப்பு விழுந்து, தணிக்கும்போது (கடினமாக்கச் சூடாக எண்ணெயில் முக்கும்போது) அங்கேயே வெடிக்கும்.

பழைய கல்லில் முகப்பு புதிதாகக் கடைந்ததுபோல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்: கடைந்ததில் மேலுள்ள கடினப் படலம் மெலிந்திருக்கலாம்.