பெண்கள் வகுப்பில் மஹ்ரம் பாடம்

எங்கள் மஹல்லா மதரஸாவில் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் (பிற்பகல் தொழுகை) பிறகு ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வி கற்ற பெண், நடத்தும் வகுப்பு இது. எனக்கு மறுமணம், மகள் வயதுக்கு வந்தவள், அதனால் போனேன். கரும்பலகையில் கோடு போட்டு யாருக்கு யார் மஹ்ரம், அதாவது என்றைக்கும் மணமுடிக்கக் கூடாத, முன்னால் முக்காடு தேவைப்படாத உறவு, என்று தெளிவாக விளக்கினார். தாம்பத்தியம் நடந்த திருமணம் என்பதால் என் கணவர் அவளுக்கு மஹ்ரம். ஆதாரம் குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம், 23ஆம் வசனம். அவர் தம்பி அப்படி இல்லை, வாய் நிறைய சாச்சா என்று கூப்பிட்டாலும் முக்காடு வேண்டும். கணவரின் முதல் தாரத்து மகன் எனக்கு மஹ்ரம், என் மகளுக்கு இல்லை. இருவரும் நிக்காஹ்கூட செய்துகொள்ளலாம் என்றதும் ஒரே சலசலப்பு! சரி, சின்ன வாடகை வீட்டில் இதை எப்படிப் பேணுவது என்று கேட்டேன், பதில் மழுப்பல்தான். பால்குடி உறவையும் (ஒரு பெண்ணிடம் பால் குடித்ததால் குழந்தைக்கு வரும் உறவு) அவசரமாக முடித்துவிட்டார். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதி கேட்காது, முன்னால் உட்காருங்கள். கட்டணம் இல்லை.