சைக்கிளுக்குக் கேபிள் கியரா, மின்னணு கியரா: கடற்கரைச் சாலைக்கு எது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் காலை. சைக்கிளில் மாமல்லபுரம் வரை போய்விட்டு அடையாறுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கோவளம் தாண்டியதும் வலது கியர் லீவரில் பிடிப்பே இல்லாமல் போயிற்று. கேபிள் அறுந்துவிட்டது. அறுந்தால், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் டீரெய்லர் என்ற கருவியில், பின்பக்கத்து ஸ்பிரிங் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மிதிக்கக் கடினமான கியர் அதுதான். எதிரே வாடைக்காற்று. முன்பக்கத்தைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று மாலை லீவரின் ரப்பர் உறையைச் சுருட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிளின் குண்டு முனை உள்ளே சிக்கியிருந்தது. அதிலிருந்து கம்பி இழைகள் ஈர்க்குபோலப் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தன. நுனியெல்லாம் செந்துரு. சாமணத்தால் ஒவ்வோர் இழையாகப் பிடுங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் இந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசித்தேன்.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. பின்பக்கம் 11 பல்சக்கரம் கொண்ட 11 வேகக் கியரை விட்டு, 2023இல் வந்த ஷிமானோ நிறுவனத்தின் 105 வரிசையின் 12 வேகக் கேபிள் கியருக்குப் போவது. 2022இல் வந்த அதே 105இன் மின்னணு வடிவமான டி.ஐ.2 (கேபிளுக்குப் பதில் மோட்டார் கியரை மாற்றும்), அல்லது 2021இல் வந்த ஸ்ராம் நிறுவனத்தின் மின்னணு கியர் ரைவல் ஆக்சஸ். நான் டி.ஐ.2 வாங்கினேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மின்னணு கியர் துல்லியமாக விழும், முன் பல்சக்கரம் மாற்ற விரலுக்கு வலி இல்லை என்பதெல்லாம் உண்மை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இதன் அருமை தெரிகிறது. வேகம் மட்டும் கூடாது. அதற்காக யாரும் பணம் போட வேண்டாம்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு ஒன்றுதான். இன்றைய ரோடு பைக்குகள் (சாலை சைக்கிள்கள்) பலவற்றில் கேபிள் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, ஹேண்டில்பார் திரும்பும் இடத்து ஹெட்செட் வழியாகச் சைக்கிள் சட்டத்துக்குள் போய்விடுகிறது. பார்க்க அழகு, மாற்ற வேதனை. ஒவ்வொரு திருப்பத்திலும் உராய்வு கூடுகிறது. உராய்வு கூடக்கூடக் கியர் தயங்குகிறது. வெளி உறையை மாற்ற வேண்டுமென்றால் ஹேண்டில்பார் நாடாவைப் பிரித்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் கழற்றி, சில வண்டிகளில் டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாயையும் பிரித்து, பிறகு காற்று நீக்கி மூட வேண்டும். நூறு இருநூறு ரூபாய்க் கம்பிக்கு ஒரு நாள் வேலை. நம் கடற்கரையிலோ உப்புக்காற்று, அதற்கு மேல் ஹேண்டில்பாரில் சொட்டும் வியர்வை. வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டும் நான் ஆண்டுக்கு இரண்டு முறை கேபிள் மாற்றினேன். மின்னணு கியரில் துருப்பிடிக்கவும் நீளவும் இழை பிரியவும் அந்தக் கம்பியே கிடையாது. மோட்டார் டீரெய்லரிலேயே இருக்கிறது. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளையாதவரை அதைத் தொட வேண்டியதில்லை. 14 மாதத்தில் நான் ஒருமுறைகூடத் திருகாணியைத் தேடவில்லை.

கேபிள் வெளியே ஓடும் பழைய சட்டம் வைத்திருப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர் கால் மணி நேரத்தில் தானே மாற்றிக்கொள்ளலாம், பையில் ஒரு கேபிள் வைத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். அவர் கேபிளிலேயே இருக்கட்டும். மின்னணு கியருக்கு ஆகும் செலவில் ஒரு நல்ல அலுமினிய ரோடு பைக்கே வாங்கிவிடலாம். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டிக்கும் இது ஆகாது, 105 டி.ஐ.2, ரைவல் ஆக்சஸ் இரண்டுமே ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் வருபவை.

ஸ்ராமை நண்பரின் வண்டியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஓட்டியிருக்கிறேன். அந்த அளவுக்கே சொல்கிறேன். வலது லீவர் கடினக் கியருக்கு, இடது எளிய கியருக்கு, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் பல்சக்கரம் மாறும். பத்து நிமிடத்தில் கை பழகிவிட்டது. டி.ஐ.2இல் இரண்டு பொத்தான்களும் அருகருகே இருப்பதால் மழையில் கையுறையோடு தடுமாறியிருக்கிறேன். ஸ்ராமில் ஒயரே இல்லை. ஒவ்வொரு டீரெய்லரிலும் கழற்றி மாட்டும் பேட்டரி. பின் பேட்டரி தீர்ந்தால் முன்னுடையதைக் கழற்றிப் பின்னால் மாட்டி வீடு வரலாம். லீவருக்குள் இருப்பது சி.ஆர். 2032 வட்ட மின்கலம், அதை எந்தக் கடையிலும் கேட்கலாம். டி.ஐ.2 லீவருக்கு வேண்டிய சி.ஆர். 1632க்கு நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். இப்போது நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

பிறகு ஏன் டி.ஐ.2? சக்கரம்தான் காரணம். ஷிமானோவின் 12 வேக ரோடு கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), என் பழைய சக்கரத்தில் அது மாட்டும் 11 வேக ஃப்ரீஹப்பில் அப்படியே ஏறியது. மிகச் சிறிய சக்கரத்தில் 10 பல் கொண்ட ஸ்ராமின் கேசட்டுக்கு எக்ஸ்.டி.ஆர். என்ற வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும், என் சக்கரத்துக்கு அது கிடைக்கவில்லை. புதுச் சக்கரச் செலவு என்னால் ஆகாது. இன்னொன்று, சீட் குழாய்க்குள் இருக்கும் ஒரே பேட்டரி இரண்டு டீரெய்லர்களுக்கும் போதும். ஒரு சார்ஜில் சுமார் 1,000 கிலோமீட்டர் என்பது நிறுவனத்தின் கணக்கு, என் கணக்கில் 900 தாண்டுகிறது. தீரும் நிலையில் முதலில் நிற்பது முன் டீரெய்லர், பின்னது இன்னும் சிறிது தூரம் வேலை செய்யும். எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. ஊர் சேரும்வரை பின் கியர் நிற்கவில்லை.

மாற்றும் வேலைக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. ஒயரைச் சட்டத்துக்குள் இழுக்க மெக்கானிக் மிதியடிகளைத் தாங்கும் கிராங்கைக் கழற்ற வேண்டியிருந்தது. உங்கள் சட்டத்தில் பேட்டரிக்கும் ஒயருக்கும் வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வழி இல்லையென்றால் ஸ்ராம்தான். விழுந்து பின் டீரெய்லர் உடைந்தால் கேபிள் டீரெய்லரைவிடப் பல மடங்கு செலவு என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் இதுவரை விழவில்லை. மோட்டாரின் ஆயுளைப் பற்றிப் பேச 14 மாதம் போதாது.

கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் துடைக்கும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. செயின் இன்னும் இரும்புதான்.