உண்ணிக்கடி வீக்கம்: ஐஸா, மஞ்சளா, மாத்திரையா?

தென்னாப்பிரிக்காவின் ஹ்லூஹ்லுவே காட்டைச் சுற்றிவிட்டு டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த் வீட்டில் சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலில் உண்ணி. உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

தீக்குச்சியால் சுடுவது, வாசலின் பூசுவது இரண்டும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் உண்ணியின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான். அதற்குத் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் போதும். மஞ்சள் பற்று? பாட்டி கோபித்தாலும் சரி, வேண்டாம் என்பேன். கடிவாயில் உண்ணிக் காய்ச்சலின் அடையாளமான கருத்த பொருக்கு வருகிறதா என்று நாம் பார்க்க வேண்டும். பற்று அதை மறைத்துவிடும்.

அரிப்பு ஓர் இடத்தில் மட்டும் என்றால் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு. தூக்கத்தைக் கெடுத்தால் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை. குளோர்ஃபெனமைனும் கேட்கும், ஆனால் தூக்கக் கலக்கம் அதிகம், அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டாதீர்கள்.

வலிக்கு பனாடோவா (பாராசிட்டமால்), ஐபுப்ரோஃபெனா? வீக்கத்துக்கு இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனாலும் உண்ணிக்கடிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் என் ஓட்டு பனாடோவுக்கு. உண்ணியால் பரவும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் இந்த நாட்டில் அபூர்வம், ஆனால் இருக்கிறது. அதில் ரத்தக்கசிவு வரும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் அதை மோசமாக்கும்.

ஒரு வாரம் கழித்து தலைவலி, காய்ச்சல், கருத்த பொருக்கு, தொடை இடுக்கில் நெறி கட்டுதல் என்று வந்தால் மேலே சொன்ன எதுவும் தீர்வாகாது. அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவின் வேலை. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை எடுக்கத்தான் கை போகும். அந்த மருந்துக்கு ரிக்கெட்சியா மசியாது. கேட்பது டாக்சிசைக்ளின்: பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, சுமார் ஒரு வாரம். டாக்டர் சீட்டு வேண்டும்; கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கட்டாயம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனை பல சமயம் ஒன்றும் காட்டாது. அதனால் பொருக்கைப் பார்த்தே டாக்டர் மருந்தைத் தொடங்கிவிடுவார். அப்புறம், காய்ச்சல் வருமுன்னே தற்காப்புக்கு இதை விழுங்குவதும் தேவையில்லை.

ஈறில் ரத்தம், காரணமில்லாத ரத்தக்கட்டு என்றால் பார்மசியில் நிற்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள்.